பயிற்சிச் சுமையைக் கணக்கு வைத்துக் காயத்தைக் குறைப்பது எப்படி? பள்ளி, கிளப் அணிகளுக்கான முழு வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்துக் கிரவுண்டுகளில் ஓட்டமும் பந்தும் பழக்கும் பி.டி. மாஷ்மார் (விளையாட்டு ஆசிரியர்கள்), கிளப் அண்ணன்மார், விளையாட்டு அறிவியல் படிக்கும் மாணவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ஜி.பி.எஸ். சட்டையும் கிடையாது, முழுநேர ஃபிசியோவும் கிடையாது, இருபது இருபத்தைந்து பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். யூடியூபில் ஒரு விகிதக் கணக்கைப் பார்த்துவிட்டு எக்செல் ஷீட்டை இறக்குகிறார்கள். கட்டம் சிவப்பானதும் பிள்ளையை உட்காரவைக்கிறார்கள். பிள்ளை அழுகிறது, அப்பா சண்டைக்கு வருகிறார், மூன்றாம் வாரம் ஷீட் மூலைக்குப் போகிறது. தப்பு ஷீட்டில் இல்லை, வரிசையில் இருக்கிறது. அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கட்டம் போட்ட நீள நோட்டு ஒன்று, வாட்ச் அல்லது போன், ஒரு அட்டை, பெயர்ப் பட்டியல். இதற்கு மேல் முதல் மாதத்தில் எதுவும் வாங்க வேண்டாம்.

இவற்றைவிட முக்கியம், எழுதும் ஆள் யார் என்று முடிவு செய்வது. "யாராவது எழுதுவோம்" என்றால் யாரும் எழுத மாட்டார்கள். கோச் விசில் ஊதுவார். எழுதுபவர் வேறொருவராக இருந்தால் நல்லது. அடிபட்டு ஓய்வில் இருக்கும் மூத்த பையனிடம் கொடுத்தால் பொறுப்பாகச் செய்வான், அணியைவிட்டு விலகியும் போகமாட்டான்.

பிள்ளைகள் 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். என்ன எழுதப் போகிறோம், யார் பார்ப்பார்கள் என்று ஒரு பக்கத்தில் சொன்னால் போதும். இதை ஆய்வேடாகவோ கட்டுரையாகவோ கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதியைத் தொடங்குவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். எல்லாம் சேகரித்த பிறகு அனுமதி கேட்டு நிற்கும் மாணவர்கள் ஆண்டுக்கு ஒருவராவது வருகிறார்கள். பின்தேதியிட்டு யாரும் தரமாட்டார்கள்.

2. முதலில் காயத்தை எழுதுங்கள், சுமை அப்புறம்

எல்லாரும் தாண்டிப்போகும் படி இது. 1992-இல் ஆய்வாளர் வான் மெக்கலனும் கூட்டாளிகளும் வகுத்த நாலு படி முறைதான் இன்றும் காயத் தடுப்பு ஆய்வுக்கு அடித்தளம்: எவ்வளவு காயம் என்று அளவிடு, காரணம் தேடு, மாற்றம் செய், மறுபடி அளவிடு. முதல் அளவு இல்லாவிட்டால் நாலாவது படியில் ஒப்பிட ஒன்றும் இருக்காது. "இந்த வருஷம் அடி கம்மிங்க" என்பது கணக்கல்ல, நினைப்பு.

எது காயம் என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஒரு பயிற்சியையாவது தவறவிட்டால்தான் காயம் என்று வைத்துக்கொள்வது எளிது. ஆனால் ஓட்டக்காரர்களுக்கு இது ஒத்துவராது. முன்னங்கால் எலும்பு வலியோடு இரண்டு மாதம் ஓடுவார்கள், ஒரு நாளும் லீவு எடுக்க மாட்டார்கள். நோட்டில் காயம் பூஜ்யம் என்று நிற்கும்.

அதனால் நார்வேயின் ஆஸ்லோ விளையாட்டுக் காய ஆய்வு மையத்தின் வாராந்தரக் கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் நாலு: இந்த வாரம் வலியால் பயிற்சிக்கு வருவதில் சிக்கல் இருந்ததா? பயிற்சியைக் குறைக்க வேண்டி வந்ததா? ஆட்டம் பாதித்ததா? வலி எவ்வளவு? அந்த மையத்தின் கிளார்சன் குழு 2013-இல் இந்த முறையை ஐந்து விளையாட்டுகளில் சோதித்தபோது, வழக்கமான பதிவில் 40 என்று தெரிந்த மெல்ல வரும் காயங்கள் இதில் 419 ஆகத் தெரிந்தன. பிள்ளைகள் மறைத்ததால் வந்த வித்தியாசம் அல்ல. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை வார்ம்-அப்புக்கு முன் கேளுங்கள். பயிற்சிக்குப் பின் கேட்டால் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் "ஒண்ணுமில்லைங்க" என்பார்கள். இன்னொன்று: வலி சொன்னவனை அன்றே அணியிலிருந்து எடுத்துவிட்டால், அடுத்த வாரம் ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான். பதில் சொன்னதற்குத் தண்டனை இல்லை என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

3. கடின எண்ணைப் பழக்குங்கள்

சுமையை இரண்டு விதமாகப் பார்க்கலாம். பிள்ளை என்ன செய்தது என்பது ஒன்று: கிலோமீட்டர், சுற்று, தூக்கிய எடை, வீசிய பந்து. அது உடம்புக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பது இன்னொன்று. நம் பக்கத்தில் இரண்டாவது இல்லாமல் கணக்கு நிற்காது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை எதிர்த்து ஓடும் 5 கிலோமீட்டரும், மார்கழிக் காலையில் ஓடும் 5 கிலோமீட்டரும் தூரக் கணக்கில் ஒன்றுதான். காலுக்கும் நெஞ்சுக்கும் ஒன்றல்ல.

இதற்கு விளையாட்டு அறிவியலாளர் கார்ல் ஃபோஸ்டர் பயன்படுத்திய 0 முதல் 10 வரையான அளவுகோல் போதும். அட்டையில் பெரிதாக எழுதி, தண்ணீர்க் குடம் வைக்கும் இடத்தில் மாட்டுங்கள். 0 ஓய்வு, 1 மிக மிக லேசு, 2 லேசு, 3 மிதம், 4 கொஞ்சம் கடினம், 5 கடினம், 7 ரொம்பக் கடினம், 10 இதற்கு மேல் முடியாது. 6, 8, 9 ஆகியவற்றுக்குச் சொல் வேண்டாம். இடையில் விழுவதற்கு அவை. தமிழ், மலையாளம் இரண்டிலும் எழுதுங்கள். ஒரே அணியில் இரண்டு மீடியப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

முதல் இரண்டு வார எண்களை நம்ப வேண்டாம், பழகட்டும். பழக்க ஒரு சுலப வழி: ஒரு நாள் மெதுவான ஓட்டம் மட்டும் கொடுத்து எண் கேளுங்கள், இன்னொரு நாள் முழு வேகத்தில் 600 மீட்டர் ஓடவைத்துக் கேளுங்கள். இரண்டு முனையும் தெரிந்துவிட்டால் நடுவில் இருப்பதைத் தானாகச் சொல்வார்கள்.

பயிற்சி முடிந்து சுமார் 30 நிமிடம் கழித்துக் கேட்பது ஃபோஸ்டரின் முறை. கடைசியில் ஓடிய ஸ்பிரின்ட் மட்டும் மனதில் நின்று முழுப் பயிற்சியின் எண்ணை ஏற்றிவிடக் கூடாது என்பதே காரணம். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கச் சொல்ல முடியாது, சரி. கூல்-டவுனும் ஸ்ட்ரெச்சிங்கும் முடிந்து பையைக் கட்டும்போது கேளுங்கள். எந்த நேரம் வைத்தாலும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும்.

தனித்தனியாகக் கேட்க வேண்டும். வரிசையில் நிறுத்திக் கேட்டால் இப்படித்தான் போகும்:

"எத்தனை கண்ணு?"

"அஞ்சு போட்டுக்குங்க மாஷே."

"அஞ்சா? மூச்சு இன்னும் வாங்குதே?"

"எல்லாரும் அஞ்சுன்னுதான சொன்னாங்க."

நோட்டில் ஒரு நாள் முழுக்க ஒரே எண் வரிசையாக நின்றால் அது அணியின் எண் அல்ல, முதலில் சொன்னவனின் எண். பிள்ளைக்குப் பதிலாகக் கோச்சே நிரப்புவது இதைவிட மோசம். கோச் 3 என்று நினைத்துக் கொடுத்த பயிற்சிக்குப் பிள்ளை 6 சொல்வதுதான் நமக்கு வேண்டிய தகவலே.

4. நிமிடத்தால் பெருக்குங்கள்

நிமிடம் × கடின எண் = அன்றைய சுமை. வார்ம்-அப் தொடங்கியதிலிருந்து கூல்-டவுன் முடியும்வரை நிமிடத்தைக் கணக்கிடுங்கள். சிலர் வார்ம்-அப்பை விட்டுவிடுவார்கள், சிலர் சேர்ப்பார்கள்; எழுதுபவர் மாறும்போது முறை மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

800 மீட்டர் ஓடும் ஒரு பெண்ணின் வாரம் இப்படி இருக்கிறது என்று வைப்போம். திங்கள் 60 நிமிடம், எண் 4: 240. செவ்வாய் 45, எண் 7: 315. புதன் 40, எண் 3: 120. வியாழன் 60, எண் 6: 360. வெள்ளி 40, எண் 3: 120. சனி 75, எண் 8: 600. ஞாயிறு ஓய்வு. வாரத்துக்கு 1,755.

இந்த 1,755 அதிகமா, குறைவா என்று கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் 1,200-ஓடு ஒப்பிடவும் வேண்டாம். இந்த எண்ணை அதே பெண்ணின் சென்ற வாரத்தோடும் சென்ற மாதத்தோடும் மட்டுமே ஒப்பிடலாம்.

ஏற்ற இறக்கம் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். மேலே உள்ள வாரத்தில் 120-உம் உண்டு, 600-உம் உண்டு. அதே மொத்தத்தைத் தினமும் 250 என்று ஏழு நாளும் பரப்பினால் உடம்புக்கு இளைப்பாற இடமே இல்லை. ஃபோஸ்டர் 1998-இல் இதையும் கணக்காக்கினார்: தினச் சராசரியை அதன் திட்ட விலக்கத்தால் (தின எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவு) வகுத்தால் சலிப்பு எண் கிடைக்கும். ஷீட்டில் போடத் தெரிந்தால் போடுங்கள். தெரியாவிட்டால் கண்ணாலேயே பாருங்கள். ஒரு வாரத்தில் லேசான நாள் இரண்டாவது இருக்கிறதா என்று தெரிந்தால் போதும்.

தூரத்தையும் தனிப் பத்தியில் எழுதி வையுங்கள். ஓட்டக்காரருக்கு ஒரு நாளின் மிக நீண்ட ஓட்டம், வேகப்பந்து வீச்சாளருக்குப் பந்துகள், தாண்டுபவருக்கு முழு ஓட்டத்தோடு தாண்டிய தாவல்கள். ஏனென்றால் நிமிடக் கணக்கு முழு உடம்புக்குமானது. ஒரு முழங்காலின் தசைநாணுக்கு எத்தனை அடி விழுந்தது என்பதை அது சொல்லாது.

5. உங்கள் கண்ணுக்குத் தெரியாத சுமையைக் கேட்டு வாங்குங்கள்

நோட்டு சுத்தமாக இருக்கிறது, பையனுக்குத் தொடைப் பின்தசை பிடித்துக்கொண்டது. விசாரித்தால் முந்தின இரவு ஃபிளட் லைட்டில் இரண்டு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) மேட்ச் ஆடியிருப்பான். வெளியூர் டீம் காசு கொடுத்துக் கூட்டிப்போயிருக்கும். மாஷிடம் சொன்னால் திட்டு விழும் என்று சொல்லவில்லை.

மழை விட்டதிலிருந்து அடுத்த மழை வரை செவன்ஸ் சீசன் இருக்கும் மண்ணில் இதைத் தடுக்க நினைப்பது வீண். எழுத வைப்பதுதான் வழி. "நேத்து சாயங்காலத்திலிருந்து வேற என்ன ஆடினே, என்ன வேலை செஞ்சே?" என்ற கேள்வியைத் தினப் பதிவில் சேர்த்துவிடுங்கள். பள்ளி அணி, கிளப் அணி, பெரிய பையன்களுக்குக் கேரளோத்சவ விழாப் போட்டி, தோப்பில் தேங்காய் சுமந்தது, கோபாலபுரம் வரை சைக்கிள் மிதித்தது எல்லாம் கால்களுக்கு ஒரே கணக்குதான். இரவு மேட்ச் ஆடியவனுக்கு மறுநாள் காலை ஸ்பிரின்டை வெட்டிவிட்டு லேசான ஓட்டம் கொடுங்கள், திட்டாதீர்கள். அடுத்த முறை அவனே முன்கூட்டிச் சொல்வான்.

திறமையான பிள்ளைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். அவனைத்தானே எல்லா அணியும் கூப்பிடுகிறது?

6. நாலு வாரம் எதையும் மாற்றாதீர்கள்

தெளிவான வலி உள்ளவர்களை மட்டும் கவனித்துக்கொண்டு, மற்றபடி திட்டம் எப்படி இருந்ததோ அப்படியே போகட்டும். உங்கள் அணியின் சாதாரண வாரம் எது என்று தெரிந்தால்தான் அசாதாரண வாரம் எது என்று தெரியும். பொறுமை இல்லாதவர்கள் இரண்டாம் வாரமே வெட்டத் தொடங்கி, பிறகு எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் நிற்பார்கள்.

7. இப்போது சுமையின் திடீர் தாவல்களைத் தேடுங்கள், விகிதத்தை நம்பி உட்காராதீர்கள்

கடைசி 7 நாள் சுமையை, கடைசி நாலு வாரத்தின் வாரச் சராசரியால் வகுப்பதுதான் அந்தப் பிரபல விகிதம். 2016-இல் விளையாட்டு அறிவியலாளர் டிம் கேபட் எழுதிய கட்டுரைக்குப் பின் 0.8 முதல் 1.3 வரை நல்ல இடம், 1.5-க்கு மேல் ஆபத்து என்ற படம் உலகம் முழுக்கப் பரவியது. அதே ஆண்டு சர்வதேச ஒலிம்பிக் குழுவின் ஒருமித்த அறிக்கையிலும் இடம்பிடித்தது. அதன் அடிப்படைச் சேதி நல்ல சேதி: கடினப் பயிற்சியே காயம் தருகிறது என்பதில்லை, பழகாத உடம்பில் திடீரென ஏற்றுவதுதான் சிக்கல்; போதுமான அளவு பழகிய உடம்பு தாங்கும்.

விகிதம்தான் தகராறு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பரீட்சைக்காக மூன்று வாரம் வராத பையன் நாலாம் வாரம் 600 சுமை செய்கிறான். நாலு வாரச் சராசரி 150. விகிதம் 4. இன்னொருவனும் மூன்று வாரம் வரவில்லை, வந்ததும் 2,400 செய்கிறான். சராசரி 600, விகிதம் அதே 4. ஒருவன் மூன்று நாள் லேசாக ஓடினான், இன்னொருவன் தன்னைத் தானே முறித்துக்கொண்டான். ஷீட்டில் இருவரும் ஒரே சிவப்பு. வகுபடும் கடைசி வாரம், வகுக்கும் நாலு வாரச் சராசரிக்குள்ளும் இருப்பதால் வரும் வம்பு இது. இம்பெல்லிசேரி போன்ற ஆய்வாளர்கள் 2020-இல் இதையும் வேறு குறைகளையும் விரிவாக எடுத்து வைத்தார்கள்.

சரி, விகிதத்தைப் பார்த்துப் பயிற்சியை மாற்றினால் காயம் குறைகிறதா? நார்வேயில் 482 இளம் கால்பந்து வீரர், வீராங்கனைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது, 2021-இல் வெளியானது. ஒரு பாதி அணிகள் விகிதப்படி சுமையைத் திட்டமிட்டன, மறுபாதி வழக்கம்போல. உடல்நலச் சிக்கல்களில் வித்தியாசம் இல்லை. வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்ற பழைய விதிக்கும் இதே கதி: நெதர்லாந்தின் குரோனிங்கனில் 2008-இல் வெளியான சோதனையில், மெல்ல ஏற்றிய 13 வாரத் திட்டத்திலும் வழக்கமான 8 வாரத் திட்டத்திலும் புதிய ஓட்டக்காரர்களில் ஐந்தில் ஒருவருக்கு அடிபட்டது.

பின்னே எதைப் பார்ப்பது? என் தேர்வு ஒற்றை நாள் தாவல். 2025-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, வாட்சோடு ஓடும் 5,205 பேரை 18 மாதம் தொடர்ந்தது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஒரே ஓட்டத்தில் கூட்டியவர்களுக்குக் காயம் கூடுதலாக வந்தது. ஒரேயடியாக இரட்டிப்பாக்கியவர்களுக்கு இன்னும் அதிகம். வாரக் கணக்கில் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. பெரும்பாலும் வயது வந்த பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களிடம் கண்டது இது. நம் பிள்ளைகளுக்கு அப்படியே ஒட்டாது. ஆனாலும் கிரவுண்டில் கடைப்பிடிக்க எளிது, தீங்கும் இல்லை. நோட்டைத் திருப்பி "இந்த மாசம் அதிகபட்சம் 6 கிலோமீட்டர்" என்று பார்த்தால், நாளை ஆறரையோடு நிறுத்திவிடலாம்.

தூரம் மட்டுமே தாவல் அல்ல. தரை மாறுவதும் தாவல்தான். செம்மண்ணில் வெறும் ஷூவோடு ஓடிய பிள்ளையைத் தடகள மீட்டுக்கு இரண்டு நாள் முன் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் சிந்தெடிக் டிராக்கில் ஸ்பைக் மாட்டி முழு வேகத்தில் விடுவார்கள். மறுநாள் கெண்டைக்கால் கல்லாகிவிடும். முதல் நாள் ஸ்பைக்கில் நாலைந்து குறு ஓட்டம் போதும். மீட்டுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே தொடங்குங்கள்.

8. ஆண்டின் ஆபத்தான வாரங்களை நாட்காட்டியில் குறியுங்கள்

நம் பக்கத்தில் காயம் வரும் வாரங்கள் ஓரளவு முன்பே தெரிந்தவை.

பெரியது ஏப்ரல். மார்ச் முழுக்கப் பரீட்சை, பிள்ளைகள் ஓடியிருக்க மாட்டார்கள். லீவு விட்டதும் கேம்ப்: காலை, மாலை இரண்டு வேளை, அதுவும் பாலக்காட்டு வெயிலில். உடம்பு வெயிலுக்குப் பழகவே ஒன்று இரண்டு வாரம் ஆகும். முதல் வாரம் ஒரு வேளை மட்டும், பிப்ரவரிச் சுமையில் பாதி. இரண்டாம் வாரம் முக்கால். மூன்றாம் வாரம்தான் இரண்டாவது வேளை. இந்த அளவு என் கணிப்புதான், எந்த ஆய்வும் துல்லியமாக நிர்ணயிக்கவில்லை. காலைப் பயிற்சியை வெயில் ஏறும் முன் முடியுங்கள். "கேம்ப் பதினஞ்சே நாள்தானே, அதுக்குள்ள எல்லாம் கத்துக்கணும்" என்பார்கள். அந்தப் பதினைந்து நாளுக்காக ஜூன் முழுக்க உட்கார நேரும்.

அடுத்தது செலக்‌ஷன் நேரம். உபஜில்லா, ஜில்லா மீட்டுகள் அடுத்தடுத்து வரும்போது ஒரே பிள்ளை மூன்று ஈவென்ட்டும் ரிலேவும் ஓடும். ஹீட்ஸ், ஃபைனல் எல்லாவற்றுக்கும் எண் கேட்டு எழுதுங்கள். மீட்டுக்கு அடுத்த மூன்று நாளை முன்கூட்டியே லேசாக்கி வையுங்கள்.

மூன்றாவது கூட்டம் போலீஸ் வேலைக்குத் தயாராகும் இளைஞர்கள். கேரளப் போலீஸ் உடல்தகுதித் தேர்வின் எட்டு இனங்களில் ஐந்தில் தேற வேண்டும். அதில் 1,500 மீட்டரை 5 நிமிடம் 44 விநாடியில் ஓடுவது ஒன்று. தேதி வந்ததும் வருடக்கணக்கில் ஓடாதவர்கள் தினமும் காலை 1,500 மீட்டரை நேரம் வைத்து ஓடுவார்கள். அதற்கே உரிய பரிசு முன்னங்கால் எலும்பு வலி. நேரம் வைத்து ஓடுவது வாரத்துக்கு ஒன்று போதும். மற்ற நாளில் மெல்லோட்டமும் நடையும், வாரத்தில் இரண்டு நாள் ஓட்டமே இல்லாமல் வலுப்பயிற்சியும்.

9. வலி சொன்னால் அன்று என்ன செய்வது

பத்துக்கு எத்தனை வலி என்று கேளுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு 3 வரை, ஓடும்போது கூடாமல், மறுநாள் காலை பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் குறைத்த பயிற்சி தொடரலாம். நொண்டினால் அன்று பயிற்சி கிடையாது, எண் எதுவானாலும் சரி.

சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. முன்னங்கால் எலும்பிலோ பாதத்திலோ ஒரு விரல் நுனியால் "இங்கதான்" என்று காட்டக்கூடிய வலி, ஒற்றைக்காலில் குதித்தால் வலி, இரவில் படுத்திருக்கும்போது வலி: எலும்பில் விரிசல் தொடங்கியிருக்கலாம். ஓட்டத்தை நிறுத்தி எலும்பு டாக்டரிடம் அனுப்புங்கள். முதல் சில வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போவது சகஜம். எக்ஸ்ரே சுத்தம் என்பதற்காக மறுநாளே ஓடவிடாதீர்கள்.

முழங்காலுக்குக் கீழே புடைப்பில் வலி, குதிகாலின் பின்புறம் வலி இரண்டும் வேகமாக உயரும் வயதில் வருபவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாருடைய உயரத்தையும் சுவரில் அளந்து எழுதினால், யார் அந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று தெரியும். அவர்களுக்குத் தாவலையும் குதிப்பையும் குறைத்துக் கொடுங்கள்.

புதிதாக வீங்கிய காலில் தைலம் போட்டு உருவுவது நம் ஊர்ப் பழக்கம். முதல் இரண்டு மூன்று நாள் அது வேண்டாம். சுற்றிக் கட்டி, காலை உயர்த்தி வைத்து, ஊன்ற முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். பாட்டியோடு வாக்குவாதம் வேண்டாம். "மூணு நாள் கழிச்சுப் போடுங்க பாட்டி" என்றால் கேட்டுக்கொள்வார்கள்.

10. சுமையைக் குறைப்பதோடு நிற்காமல், தாங்கும் சக்தியைக் கூட்டுங்கள்

சான்று வலுவாக இருப்பது இங்கேதான். ஆனால் கிரவுண்டில் முதலில் வெட்டப்படுவதும் இதுதான்.

வார்ம்-அப் என்றதும் வட்டமாக நின்று கால் நீட்டி எண்ணுவார்கள். ஆஸ்திரேலியாவில் 1,538 ராணுவப் புதியவர்களை வைத்து 2000-இல் வந்த சோதனையில், பயிற்சிக்கு முன் ஸ்ட்ரெச்சிங் செய்ததால் காயம் குறையவில்லை. 2014-இல் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்விலும் ஸ்ட்ரெச்சிங்குக்குப் பலன் தெரியவில்லை. வலுப்பயிற்சி செய்த குழுக்களில் காயம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. நீட்டுவது பிடித்தால் நீட்டட்டும், அதை வைத்து நேரத்தை நிரப்பாதீர்கள்.

கால்பந்து அணிக்கு ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் திட்டம் இருக்கிறது: 20 நிமிடம், 15 பயிற்சிகள், எந்தக் கருவியும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் நடந்து 2008-இல் வெளியான பெரிய சோதனையில் மொத்தக் காயம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. செவன்ஸ் பையன்களுக்கும் ஸ்பிரின்டர்களுக்கும் நார்டிக் ஹேம்ஸ்ட்ரிங்: முட்டிபோட்டு நிற்க, கூட்டாளி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னே சாய்வது. முறையாகச் செய்த அணிகளில் தொடைப் பின்தசைக் காயம் ஏறத்தாழ பாதியாகியிருக்கிறது. முதல் வாரம் ஐந்து தடவை போதும். முதல் நாளே முப்பது செய்யவைத்தால் மறுநாள் கக்கூஸில் உட்கார முடியாது, பிறகு அந்தப் பயிற்சியின் பெயரைச் சொன்னாலே ஓடுவார்கள்.

தூக்கத்தையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். அமெரிக்காவில் 112 பள்ளி வீரர்களிடம் நடந்த ஆய்வில், 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் வரும் வாய்ப்பு 1.7 மடங்கு. ஐந்து மணிக்குக் கிரவுண்டுக்கு வரச் சொல்லும் மாஷ், பிள்ளை எத்தனை மணிக்குப் படுத்தது என்றும் கேட்க வேண்டும். ட்யூஷன் முடிந்து பதினொன்றுக்குப் படுத்த பிள்ளைக்கு அந்தக் காலைப் பயிற்சி லாபமா என்று யோசியுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் மூன்று மாதம் வராமல் போனால் அது "நல்லா ஓடுறா" என்பதன் அடையாளம் இல்லை. செலவாகும் அளவுக்குச் சாப்பாடு போகவில்லை, எலும்பு தேயலாம் என்ற எச்சரிக்கை. இதை ஒரு டீச்சரோ அக்காவோ தனியாகக் கேட்டு, டாக்டரிடம் அனுப்பட்டும். பொது நோட்டில் எழுத வேண்டாம்.

11. காயத்துக்குப் பின் திரும்ப விடுவது

வலி போனதும் பழைய திட்டத்தின் அன்றைய பக்கத்திலிருந்து தொடங்கவைப்பது பெரிய தப்பு. மூன்று வாரம் ஓடாதவனின் "கடந்த 30 நாள் அதிகபட்சம்" கீழே வந்துவிட்டது. அங்கிருந்துதான் ஏற வேண்டும். நடை, நடையும் மெல்லோட்டமும் மாறி மாறி, தொடர் மெல்லோட்டம், பிறகு வேகம், கடைசியில் திருப்பமும் தாவலும். ஒவ்வொரு படியிலும் மறுநாள் காலை வலி கேட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். தொடைப் பின்தசையில் ஒருமுறை அடிபட்டவனுக்கு மறுபடி அங்கேயே வருவது மிகச் சாதாரணம் என்பதால், இந்தப் படியில் அவசரத்துக்கு விலை அதிகம்.

"எப்பங்க ஓடுவான்?" என்று பெற்றோர் கேட்கும்போது பாலக்காட்டு நீளத் தாண்டல் வீரர் முரளி ஸ்ரீசங்கரைச் சொல்லுங்கள். 2024 ஏப்ரலில் பயிற்சியில் முழங்காலில் அடிபட்டு பாரிஸ் ஒலிம்பிக்கைத் தவறவிட்டவர், மீண்டும் போட்டிக்கு வந்தது 2025 ஜூலையில்.

12. பலன் உண்டா என்று கணக்குப் பாருங்கள்

காயங்களின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடாதீர்கள். பயிற்சி நேரமும் மாறியிருக்கும். காயங்களை மொத்தப் பயிற்சி மணி நேரத்தால் வகுத்து 1,000-ஆல் பெருக்குங்கள். 24 பிள்ளைகள், வாரம் 5 மணி, 12 வாரம் என்றால் 1,440 மணி. 6 காயம் வந்தால் 1,000 மணிக்கு 4.2. போட்டியையும் பயிற்சியையும் தனித்தனியாகப் போடுங்கள், போட்டியில் எப்போதுமே அதிகமாக வரும்.

அடுத்த சீசனில் 6 காயம் 4 ஆனால் குதிக்க வேண்டாம். இவ்வளவு சிறிய அணியில் அந்த வித்தியாசம் தற்செயலாகவே வரலாம். இரண்டு மூன்று சீசன் சேர்த்துப் பாருங்கள், முடிந்தால் பக்கத்துப் பள்ளிகள் இரண்டை அதே நோட்டு முறைக்குக் கொண்டுவாருங்கள். வாராந்தர நாலு கேள்வியின் பதில்களில் மாற்றம் இதைவிட முன்னதாகத் தெரியும், ஏனென்றால் அதில் ஒவ்வொரு வாரமும் எல்லாப் பிள்ளையும் கணக்கில் வருகிறது.

ஒரு சீசனில் ஒரு மாற்றம்தான். ஏப்ரல் கேம்பைக் குறைத்து, நார்டிக்கைச் சேர்த்து, ஷூவையும் மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், வலுப்பயிற்சியை முதல் சீசனில் சேருங்கள். ஏப்ரலைத் திருத்துவது இரண்டாவது. நோட்டு நிரம்பி புது நோட்டு எடுக்கும்போது பழையதன் முதல் பக்கத்திலிருக்கும் காய வரையறையை அப்படியே பார்த்து எழுதுங்கள். வரையறை ஒரு சொல் மாறினாலும் இரண்டு ஆண்டையும் ஒப்பிட முடியாது.